ஸ்னோமொபைல் ட்ராக்கில் ஸ்டட் பொருத்துதல்: 96 போதுமா, 144 வேண்டுமா?

ஏரிவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என்னிடம் உள்ளது 600 சிசி வகை ஸ்னோமொபைல். ட்ராக்கின் (வண்டியை நகர்த்தும் சுழலும் ரப்பர் வாரின்) நீளம் 121 அங்குலம், அகலம் 15 அங்குலம், லக்கின் (அதன் மேல் எழும்பி நிற்கும் ரப்பர்ப் பல்லின்) உயரம் 1.25 அங்குலம். நான் பெரும்பாலும் செல்வது இயந்திரம் கொண்டு சமன் செய்த பனிப்பாதைகளிலும் அவற்றை இணைக்கும் உறைந்த ஏரிகளிலும்தான். புதுப்பனி விழுந்த நாள்களில் வண்டி சொன்னபடி கேட்கிறது. ஆனால், பல வண்டிகள் ஓடி வழவழப்பாகிவிட்ட வளைவுகளிலும், காற்று பனியை வாரிக்கொண்டு போன ஏரிப்பரப்பிலும் நிலைமை வேறு. த்ராட்டிலை அழுத்தினால் ட்ராக் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. பிரேக்கைப் பிடித்தால் ட்ராக் நிற்கிறது, வண்டி நிற்பதில்லை.

ஆகவே கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன முனை கொண்ட ஸ்டட்டுகளை (பனிக்கட்டியைக் கடிக்கும் ஆணிகளை) நானே பொருத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ட்ரில், ஸ்பேனர் வேலைகளில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு ட்ராக்கில் நூறு துளை போடுவது என்றால் கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. எனக்குத் தெளிவு வேண்டிய இடங்கள் இவை. எண்ணிக்கை 96 போதுமா, 144 வேண்டுமா? துளைகளால் ட்ராக் வலுவிழக்குமா? ட்ராக்கை வண்டியிலிருந்து கழற்றாமலே இந்த வேலையைச் செய்ய இயலுமா? ஸ்டட் போட்ட பிறகு ஸ்கீக்களின் அடியில் உள்ள ரன்னர்களையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூறினார். அதற்கும் ட்ராக்குக்கும் என்ன தொடர்பு?

அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

திருகாணி எழுதியது:

நண்பரே, எண்ணிக்கையைக் கடைசியாகப் பார்க்கலாம். துளையிடுவதுதான் இந்த வேலையில் எளிமையான பகுதி. ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவைதான் வண்டியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும்.

முதலில், உங்கள் ட்ராக் ஸ்டட்டை ஏற்கும் வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். எல்லா ட்ராக்கும் ஏற்காது. சில தயாரிப்பாளர்கள் ஸ்டட் பொருத்தத் தகுந்த ட்ராக்கின் மேற்பரப்பிலேயே ஸ்டட் போன்ற ஒரு சிறு குறியை வார்த்திருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டிலும் இது குறிப்பிடப்பட்டிருக்கும். தகாத ட்ராக்கில் துளையிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பது சிறிய இழப்பு. வேகத்தில் ஓடும்போது ரப்பர் கிழிந்து ஸ்டட் பிய்த்துக்கொண்டு பின்னால் பறப்பதுதான் பெரிய ஆபத்து.

அடுத்து, ட்ராக் ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். எடையைக் குறைப்பதற்காக இப்போது பல ட்ராக்குகளை ஒற்றை அடுக்காகவே செய்கிறார்கள். அவை எளிதில் வளைவதால் வண்டிக்கு நல்லது. ஆனால் அதே நெகிழ்வினால் ஸ்டட் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துகொடுக்கும். சாய்ந்த ஸ்டட் பனிக்கட்டியைக் கடிக்காது என்பதோடு, ஒவ்வொரு சுற்றிலும் தன் துளையை நெம்பி நெம்பிப் பெரிதாக்கவும் செய்யும். ஒற்றை அடுக்கு என்றால் இரண்டு ஸ்டட்டுகளை ஒரே தகட்டில் இணைக்கும் இரட்டை பேக்கர் தகடுகளையும், உட்புறத் தலை அகலமாக உள்ள ஸ்டட்டுகளையும் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை.

ஸ்டட்டின் நீளத்தை லக்கின் உயரத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். முனை, லக்கின் உச்சியைத் தாண்டிக் கால் அங்குலம் முதல் எட்டில் மூன்று பங்கு அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் லக் தரையைத் தொட்டுவிடும், முனைக்கு வேலை இராது. அதற்கு மிஞ்சினால் நெம்புகோலின் நீளம் கூடி ரப்பருக்குச் சுமை ஏறும். டன்னலின் (ட்ராக்குக்கு மேலுள்ள உலோக உறையின்) கூரையையும் தொடக்கூடும். ஆழமான தூள்பனிக்கென உயரமான லக் வைத்த ட்ராக்குகளில் ஸ்டட் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். உங்கள் 1.25 அங்குலம் அந்தச் சிக்கலுக்குள் வராது.

மூன்றாவது டன்னல். ட்ராக்கின் மேல்பகுதி ஓடும் அந்தக் குகைக்குள்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் இருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் ட்ரைவ் ஷாஃப்ட்டுக்கு அருகில் முன்புறத்தில் இருக்கும். மற்றவை கூரையை ஒட்டியோ பின்புறத்திலோ இருக்கும். நின்றிருக்கும் வண்டியில் இடைவெளி தாராளமாகத் தெரியும். ஆனால் வேகத்தில் ட்ராக் வெளிநோக்கி விரியும். குழியில் இறங்கி ஏறும்போது அலையடிக்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கார்பைடு முனை எக்ஸ்சேஞ்சரை உரசினாலும் கூலண்ட் வெளியேறிவிடும். ஏரியின் நடுவில் அது நடந்தால் வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். டன்னல் பாதுகாப்புப் பட்டைகள் உங்கள் வண்டியில் முன்பே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டட் வாங்கும்போதே அவற்றையும் சேர்த்து வாங்குங்கள். பட்டையின் உயரத்தையும் ஸ்டட்டின் நீளத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி எண்ணிக்கை. உங்கள் ட்ராக்கின் பிட்ச் (ஒரு குறுக்கு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 2.52 அங்குலமாக இருக்கும் என்று கொள்கிறேன். 121ஐ அதனால் வகுத்தால் 48 குறுக்கு வரிசைகள் கிடைக்கும். வரிசைக்கு இரண்டு என்றால் 96; மூன்று என்றால் 144. கடைகளில் இந்த எண்களில் பெட்டிகள் வருவதற்கு இந்தக் கணக்கே காரணம். குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு ஸ்டட் என்பது ஓட்டுநர்களிடையே நெடுநாளாக வழங்கும் மற்றொரு கணக்கு. இரண்டு ஸ்ட்ரோக் 600 சிசி எஞ்சினுக்கு அது 96க்கும் 144க்கும் நடுவில் போய் நிற்கும். நீங்கள் கூறும் பயன்பாட்டிற்கு நடுப்பட்டையில் (ட்ராக்கின் அகலத்தில் நடுப்பகுதியில்) மட்டும் 96 போதும் என்பது என் கருத்து. அதற்குக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். எஞ்சினின் மொத்த இழுவையும் சில ஸ்டட்டுகள் மீது மட்டும் விழுந்தால் அவைதான் முதலில் பிய்ந்து வரும்.

ரன்னர் பற்றி உங்களுக்குச் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். வண்டியின் பின்புறம் பனிக்கட்டியை இறுகப் பிடித்து முன்புறம் பிடிக்காமல் போனால், நீங்கள் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் ஸ்கீக்கள் வழுக்கிக்கொண்டு நேராகவே போகும். ட்ராக் உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். மாறாக, ஸ்கீக்களில் நீளமான கார்பைடும் ட்ராக்கில் வெறும் ரப்பரும் இருந்தால் வளைவில் பின்புறம் வெளியே வீசும். இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை வேண்டும். இப்போது உங்கள் ரன்னர்களில் உள்ள கார்பைடு 4 அங்குலம் என்றால், 96 ஸ்டட்டுக்கு 6 அங்குலக் கார்பைடில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து அங்கிருந்து கூட்டிக்கொள்ளலாம்.

---

வெண்தடம் எழுதியது:

திருகாணி அவர்கள் கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் "நடுப்பட்டையில் 96 போதும்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேட்டவரின் குறை இரண்டு இடங்களில் இருக்கிறது: ஏரியும் வளைவும். ஏரியில் நேராகப் புறப்படவும் நேராக நிற்கவும் நடுப்பட்டை ஸ்டட்டுகள் போதுமானவை. வளைவில் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சரிய முயலும்போது, மையத்தில் ஒட்டிக்கிடக்கும் ஸ்டட்டுகளை விட ஓரத்துக்குச் சற்று நெருங்கி நிற்கும் ஸ்டட்டுகளே அந்தத் திருகலைத் தடுக்கும். 144 போட்டு, அவற்றில் மூன்றில் ஒரு பங்கையாவது வெளிப்பட்டைகளுக்குக் கொண்டுபோனால் வளைவில் வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கு விலை உண்டு. வெளிப்பட்டையில் போகும் ஸ்டட், போகி சக்கரங்களின் (ட்ராக்கின் உட்புறத்தில் உருளும் சிறு சக்கரங்களின்) ஓட்டப்பாதையிலோ, ட்ராக் வழுக்கி ஓடும் ரெயிலின் கீழோ வந்துவிடக் கூடாது. டன்னலின் பக்கச் சுவர்களுக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். கூடுதல் ஸ்டட்டுகளோடு சில கிலோ எடை ட்ராக்கில் சேரும். அது சுழலும் எடை என்பதால் வண்டி வேகம் எடுப்பதில் அதன் சோம்பல் தெரியும்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அமைப்பு. ட்ராக் பனிக்கட்டியின் மீது ஓடும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு கீறலை இடுகிறது. பின்னால் வரும் ஸ்டட் அதே கோட்டில் இருந்தால், முன்னது உழுத சாலில் வெறுமனே நழுவிச் செல்லும். கடிக்க அங்கே புதிய பனிக்கட்டி இராது. வரிசைக்கு வரிசை ஸ்டட்டின் இடம் சிறிது தள்ளித் தள்ளி அமைந்து, பல வரிசைகள் கடந்த பிறகே அதே கோடு மீண்டும் வர வேண்டும். நல்ல அமைப்பில் உள்ள 96, ஒரே இரண்டு கோடுகளில் அடுக்கிய 144ஐத் தோற்கடித்துவிடும். (இப்படிச் சொல்வது என் வாதத்தையே சற்று வெட்டுகிறது என்பது தெரிந்தே எழுதுகிறேன்.) ஸ்டட் தயாரிப்பாளர்கள் ட்ராக்கின் அளவுக்கு ஏற்ப அச்சிட்டுத் தரும் காகித வார்ப்புருவை அப்படியே பின்பற்றுங்கள். கண்ணளவில் குறிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் ட்ராக் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தால், அதில் ஸ்டட் போடுவதற்குப் பதில், லக்கின் உச்சியிலேயே சிறிய கார்பைடு முனைகள் பதித்துத் தொழிற்சாலையிலிருந்து வரும் ட்ராக்கை வாங்கிவிடலாம். துளை இல்லை, பேக்கர் தகடு இல்லை, எடையும் குறைவு. ஆனால் முழு ஸ்டட்டின் கடி அதில் கிடைக்காது. முனை உதிர்ந்துவிட்டால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவது போல எளிதில் சரிசெய்யவும் முடியாது. சமன் செய்த பாதையில் மட்டும் ஓடுபவருக்கு அது போதும். வெற்று ஏரியைக் கடப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

---

பட்டறைமுகம் எழுதியது:

மற்றவர்கள் எதை, எவ்வளவு என்று சொல்லிவிட்டார்கள். எப்படி என்பதை நான் எழுதுகிறேன்.

ட்ராக்கைக் கழற்றாமலே செய்யலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இன்று பரவலாக உள்ள ஸ்டட்டை ட்ராக்கின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் செலுத்த வேண்டும். அகன்ற தலை உள்ளே, பேக்கர் தகடும் நட்டும் வெளியே. ஆகவே உட்புறத்துக்கு உங்கள் கை போக வேண்டும். சஸ்பென்ஷனின் போல்ட்டுகளைக் கழற்றி அதைக் கீழே இறக்கி வெளியே எடுத்துவிட்டால் ட்ராக் தளர்ந்து தொங்கும். கை தாராளமாக உள்ளே போகும். சஸ்பென்ஷனை இறக்காமல் அங்கங்கே கிடைக்கும் இடைவெளியில் கையை நுழைத்து நூறு ஸ்டட் போடுவது நடக்கக்கூடியதே. ஆனால் முழங்கையின் தோல் மிஞ்சாது. இறக்கியிருக்கும்போதே ரெயிலின் அடியில் உள்ள ஸ்லைடர்களின் (பிளாஸ்டிக் வழுக்குப் பட்டைகளின்) தேய்மானத்தையும் சக்கரங்களின் பேரிங்குகளையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வண்டியும் ட்ராக்கும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். குளிரில் இறுகிய ரப்பர் கட்டருக்கும் ஒத்துழைக்காது, ஸ்டட்டின் தலையும் அதில் சரியாக அமராது.

வார்ப்புருவைச் சுற்றி ஒட்டி, வெண்ணிற மார்க்கரால் எல்லாப் புள்ளிகளையும் முதலில் குறித்துவிடுங்கள். குறித்து முடித்ததும் துளையிடப் போய்விடாதீர்கள். ட்ராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு புள்ளியின் உட்புறத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின் அச்சின் நடுவில் ஒரு சக்கரம் இருந்தால் அது ஓடும் கோட்டில் ஸ்டட்டின் தலை வரக் கூடாது. ட்ரைவ் பற்கள் ஈடுபடும் உட்புற லக்குகளின் மீது வரக் கூடாது. ட்ராக்கின் ஜன்னல்களின் (அதில் உள்ள திறப்புகளின்) ஓரத்தையும், அங்குள்ள உலோகக் கிளிப்புகளையும் நெருங்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒவ்வொரு பிட்ச்சிலும் ட்ராக்கின் குறுக்கே ரப்பருக்குள் புதைந்திருக்கும் கண்ணாடியிழைக் கம்பியைத் துளைத்துவிடக் கூடாது. ட்ராக்கின் அகலத்தை நேராக நிறுத்துவதே அந்தக் கம்பிதான். அது அறுந்தால் அந்த வரிசை துவண்டுவிடும், சரிசெய்ய வழி கிடையாது. லக்குகள் கம்பியின் கோட்டில் எழும்பியிருக்கும். இரண்டு லக் வரிசைகளுக்கு நடுவிலுள்ள தட்டையான இடமே ஸ்டட்டின் இடம். பேக்கர் தகடு லக்கின் அடிவாரத்தில் ஏறி உட்காராமல் சமமாகப் படிகிறதா என்று ஒரு தகட்டை வைத்துப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள்.

துளையிடச் சாதாரண ட்விஸ்ட் ட்ரில் பிட்டை எடுக்காதீர்கள். அது ரப்பரைத் தள்ளிவிட்டு, உள்ளே உள்ள நூலடுக்கைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். ட்ராக்குக்கென்றே விற்கும் குழாய் வடிவக் கட்டரைப் பயன்படுத்துங்கள். அதன் வாய் வட்டமான கத்தி போல இருக்கும். அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, கட்டரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, செங்குத்தாகப் பிடித்து, மிதமான வேகத்தில் அழுத்துங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் சிறு கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று வெளிவரும். அதைத் தூக்கி எறியாமல் முதல் சிலவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டுமுகம் வழவழப்பாக இருந்து, நூலடுக்கு மெல்லிய கோடாகத் தெரிந்தால் கட்டர் கூர்மையாக இருக்கிறது. விளிம்பில் நூல் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் கட்டர் மழுங்கிவிட்டது. தீட்டுங்கள், அல்லது புதியதை எடுங்கள். துளை வலுவைக் குறைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சுத்தமாக வெட்டிய துளையை, தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் இறுகிய ரப்பர் தாங்கிக்கொள்ளும். நூல் கிழிந்த துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

துளைகளை முடித்ததும், ஸ்டட்டை உள்ளிருந்து நுழைத்து, அதன் திருகில் இழுப்புக் கருவியை மாட்டித் தலை ரப்பரில் படியும் வரை இழுங்கள். பிறகு தகடு, அதன் மேல் லாக் நட். நைலான் வளையம் வைத்த லாக் நட் ஒருமுறை பயன்பாட்டுக்குரியது. கழற்றிய நட்டை மறுபடி போடாதீர்கள். பேட்டரி இம்பாக்ட் துப்பாக்கியை முழு வேகத்தில் ஓட்டி இறுக்கினால் சூட்டில் நைலான் கெடும். நட்டை இறக்குவது வரை கருவி செய்யட்டும். கடைசி இறுக்கத்தைக் கை செய்யட்டும்.

---

ஏரிவழி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கூறியபடி வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். ட்ராக்கின் மேற்பரப்பில் ஸ்டட் குறி இருக்கிறது. ட்ராக் ஒற்றை அடுக்குதான். பின் அச்சின் நடுவில் ஒரு சக்கரமும் உண்டு. டன்னலின் கூரையில் பாதுகாப்புப் பட்டைகள் இல்லை. முன்புற எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள்.

வெண்தடம் அவர்களின் வாதம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் முதன்முறையாகச் செய்வதால் நடுப்பட்டையில் 96 என்று தொடங்கி, தேவையானால் பிறகு வெளிப்பட்டைகளில் 48ஐச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இது நடைமுறையில் சரிவருமா? மேலும் இரண்டு ஐயங்கள்: நட்டை எவ்வளவு இறுக்குவது? டன்னல் இடைவெளி போதுமானது என்பதை எப்படி உறுதி செய்வது?

---

திருகாணி எழுதியது:

பிறகு சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. 144க்கான வார்ப்புருவை இப்போதே எடுத்து, அதன் நடுப்பட்டைப் புள்ளிகள் உங்கள் 96க்கான வார்ப்புருவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு அமைப்பாக இருந்தால், பின்னர் சேர்க்கும் 48 முன்னுள்ளவற்றின் கோட்டிலேயே போய் விழக்கூடும். ஒத்துப்போகும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து முதல் கட்டத்தை மட்டும் இப்போது செய்யுங்கள். 48ஐப் பின்னர் சேர்த்தால் ஸ்கீ ரன்னரின் கார்பைடு நீளத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இறுக்கத்துக்கு ஸ்டட் பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் டார்க் அளவே சட்டம். டார்க் ரெஞ்ச் கொண்டு அந்த அளவுக்கு இறுக்குங்கள். ஒரு தயாரிப்பாளரின் எண்ணை இன்னொருவரின் ஸ்டட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் தகட்டின் உலோகமும் திருகின் அளவும் வேறுபடும். கண்ணுக்கும் ஓர் அடையாளம் சொல்கிறேன். சரியாக இறுகிய நிலையில் உள்ளே தலை ரப்பரின் மட்டத்தோடு சேர்ந்தோ, ஒரு மயிரிழை அளவு அமிழ்ந்தோ இருக்கும். வெளியே தகடு தட்டையாக இருக்கும். தகட்டின் ஓரங்கள் மேலே வளைந்து கிண்ணம் போலாகி, சுற்றிலும் ரப்பர் பிதுங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. அப்படி நசுங்கிய ரப்பர், நாளடைவில் தகட்டின் விளிம்பில் அறுபடும். ஸ்டட்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் தலை உள்ளே திரும்புகிறது என்றால் போதாது.

முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்ச்சால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் படிந்து அமர்வதால் சில தளர்ந்திருக்கும். சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டியதால் ட்ராக்கின் இழுவிசையும் அது நேராக ஓடும் அமைப்பும் மாறியிருக்கும். அவற்றைக் கையேட்டின் அளவுப்படி சரிசெய்துவிட்டு, இந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள். தளர்ந்த ட்ராக் ட்ரைவ் பற்களில் நழுவித் துள்ளும். ஸ்டட் உள்ள ட்ராக் துள்ளினால் அடி வாங்குவது டன்னல்.

இடைவெளிக்கு வருகிறேன். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ட்ராக்கைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ட்ரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றி ட்ராக் வளையும் இடத்தில் முனைகள் விசிறி போல் விரிந்து நிற்கும். முன்புற எக்ஸ்சேஞ்சருக்கு அவை மிக அருகில் வருவது அங்கேதான். அந்த இடைவெளியை அளந்து, உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்துள்ள அதிகபட்ச ஸ்டட் நீளத்தோடு ஒப்பிடுங்கள். யாராவது முன்பு பெரிய ட்ரைவ் ஸ்ப்ராக்கெட்டுகளை மாட்டியிருந்தால் தொழிற்சாலைக் கணக்கு பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். அடுத்து, சஸ்பென்ஷனை முழுவதுமாக அழுத்திய நிலையில் மேற்கூரை இடைவெளியைப் பாருங்கள். கூரைக்குப் பாதுகாப்புப் பட்டைகள் கட்டாயம் போடுங்கள். அவை ஸ்டட் வரிசைகளின் பாதையில் இருந்து, முனை முதலில் தங்கள் மீதே படும்படி செய்ய வேண்டும்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்டட் போட்ட பின் வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, த்ராட்டிலைக் கொடுத்து ட்ராக்கைச் சுழல விட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தளர்ந்த ஸ்டட் ஒன்று அப்போது கழன்றால் அது பின்புறமாகத் தோட்டாவைப் போலப் பாயும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது; பின்புறப் பனித்தடுப்பு மடல் இல்லாமல் வண்டியை எங்கும் ஓட்டக் கூடாது. ஸ்டட் உடைந்தோ கழன்றோ போன இடத்தை வெறுமையாக விட்டு ஓட்டாதீர்கள். அதன் சுமையைப் பக்கத்தில் இருப்பவை சுமக்கும், அடுத்து அவையும் போகும்.

---

வெண்தடம் எழுதியது:

96இல் தொடங்குவதில் தவறில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ரன்னர் வாங்கும்போது, ஒற்றைக் கார்பைடு போட்டால் ஸ்கீக்கள் முன்னே போன வண்டிகளின் தடங்களில் மாட்டிக்கொண்டு இங்குமங்கும் இழுப்பதுண்டு. அந்தத் தொல்லை உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தால், இரு இணைகோடுகளாகக் கார்பைடு வைத்த இரட்டை ரன்னர்களைப் பாருங்கள். ஸ்டட்டோடு அவை நன்றாகவே ஒத்துப்போகும்.

பிரேக் பற்றியும் ஒரு சொல். ஸ்டட் போட்ட வண்டி பனிக்கட்டியில் சட்டென்று நிற்கும். குழுவாகப் போகும்போது உங்கள் பின்னால் வருபவரின் வண்டியில் ஸ்டட் இல்லையென்றால் அவரால் அப்படி நிற்க முடியாது. அவரிடம் முன்கூட்டியே சொல்லி, இடைவெளியைக் கூட்டிக்கொள்ளச் செய்யுங்கள்.

---

பட்டறைமுகம் எழுதியது:

விடுபட்ட சிலவற்றைச் சேர்த்துவிடுகிறேன். டங்ஸ்டன் கார்பைடு முனை மிகக் கடினமானது. எஃகு முனையைப் போல் சீக்கிரம் மழுங்காது. ஆனால் கடினமானது எளிதில் சிதறவும் செய்யும். பாறை, தார், கான்கிரீட் ஆகியவற்றின் மேல் வேகமாக ஓட்டினால் முனை உதிரும், ஸ்டட்டும் வளையும். சாலையைக் கடக்கும்போது ட்ராக் சுழலாதபடி மெதுவாகக் கடக்க வேண்டும். அங்கே ஸ்கீக்களும் திரும்பாது, ஸ்டட்டும் பிடிக்காது. வண்டியை ட்ரெய்லரில் ஏற்றும் இடத்திலும் நிறுத்தும் தரையிலும் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பலகை ஒவ்வோர் ஏற்றத்திலும் சிராய் சிராயாகப் பெயரும்.

ஓட்டும் இடத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தளம் போட்ட பொதுப் பாதைகளில் உலோக ஸ்டட் பொருத்திய ட்ராக்கோடு ஓட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. பனி மூடியிருந்தாலும் அடியில் தார் இருக்கிறது என்பதே காரணம்.

மற்றொன்று: வெற்றுப் பனிக்கட்டியில் இனி நீங்கள் முன்பைவிட வேகமாகவும் நெடுந்தொலைவும் ஓட்டுவீர்கள். ஆனால் ஸ்லைடர்களை மசகிட்டுக் குளிர்விப்பதும், எக்ஸ்சேஞ்சரின் மேல் விழுந்து கூலண்டைக் குளிர்விப்பதும் ட்ராக் வாரியெடுக்கும் தளர்ந்த பனிதான். வெறும் பனிக்கட்டியில் அது கிடைக்காது. ஸ்டட் கீறும் துகள் அதற்குப் போதாது. ரெயிலில் பொருத்தும் ஐஸ் ஸ்க்ராச்சர் (பனிக்கட்டியைக் கீறித் துகளை மேலே வீசும் கம்பி) ஒரு ஜோடியை இதே வேலையோடு மாட்டிவிட்டு, வெப்பநிலை காட்டும் விளக்கின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.